பதினேழாம் பக்கம்

பாளையங்கோட்டை பழைய பேப்பர் கடையில்
கிலோ இருபத்தெட்டு ரூபாய்.
கரடியும் வாத்தும் குடைபிடித்த எலியும்
யாரோ ஒருவரின் பால்கணக்கு நோட்டுகளோடு
தராசில் ஏறி
ஒன்றே முக்கால் கிலோ நின்றார்கள்.

மேலப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடி.
மஃரிபுக்குப் பிறகு வகுப்பு.
பாளையங்காலிலிருந்து கொசு வரும்.
மின்விசிறிச் சத்தத்தில் பாதி இங்கிலீஷ் போய்விடும்.
மீதிப் பாதிதான் நான் சொல்லிக்கொடுப்பது.

முதல் நாள் புத்தகத்தை விரித்ததும்
தளவாய் எழுந்துவிட்டார்.
வெல்டர். ஆடி கழிந்ததும் கத்தார்.
"டீச்சர், நாங்க என்ன எல்கேஜியா?"
பெஞ்சு மொத்தமும் சிரித்தது.
என் கையில் தொப்பி போட்ட வாத்து.

எனக்கு எம்.ஏ. இங்கிலீஷ், தபால் வழியில்.
சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில்
உன்னைப் பற்றிச் சொல் என்று அந்த மொழியில் கேட்டார்கள்.
பதினாறு காலமும் மனப்பாடம்.
ஒரு வினைச்சொல் வாய்க்கு வரவில்லை.
இதை இவர்களிடம் சொன்னதில்லை.

கரடி வீட்டில் அடுப்பு எங்கே என்றாள்
மைதீன் பாத்து.
மேலே சட்டை, கீழே ஒன்றுமில்லை,
இதென்ன நியாயம் என்றாள் ஜெபக்கனி.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆயா,
அரைகுறையாய்க் கிடப்பவர்களுக்குப் போர்த்திவிட்டுப் பழகியவள்.
பனிப்பக்கம் வந்ததும் "மாவு" என்றார்கள்.
"ஸ்னோ" என்றேன்.
நானும் பார்த்ததில்லை.
"தூத்துக்குடி உப்பளம் மாதிரின்னு வச்சிக்கிடுவோம்"
என்றார் தளவாய்.
அப்படியே வைத்துக்கொண்டோம்.

பதினேழாம் பக்கத்தில்
கரடி பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.
கீழே நாலு வரி.
முன்னால் வைத்திருந்த ஏதோ ஒரு பிள்ளை
கறுப்புக் கிரயானை அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறது.
மெழுகு மினுங்குகிறது.
நகத்தால் சுரண்டினேன்,
எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது.

"பியர் கோ" என்றார் தளவாய்.
"பியர் கோ தோஹா."

"நோ."

திரும்பிப் பார்த்தேன். பாத்து.
அதுவரை அவள் பேசிய இங்கிலீஷ்
எஸ் டீச்சர் மட்டும்.
விரல்கள் மடியில்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.
"நோ. பியர் கம்."

பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறதாம்.
போகிற பெட்டிக்குப் பூட்டுப் போதும்,
வருகிற பெட்டிதான் கயிறு கேட்கும்.
பதினோரு வருசத்தில்
நாலு தடவை முடிச்சவிழ்த்தவள் சொல்கிறாள்.

இத்தனை நாளும் அதே படத்தைக் காட்டுகிறேன்.
கயிறு என் கண்ணில் பட்டதில்லை.

"செருப்பப் பாருங்க டீச்சர், புத்தம் புதுசு,
ஊருக்குத் திரும்புதவன் எவன் புதுச் செருப்போட வாரான்?"
சண்டை இங்கிலீஷில் மட்டும் என்று சட்டம் போட்டேன்.
கயிறுக்கு என்ன டீச்சர் என்று கேட்டு வாங்கிக்கொண்டு
ரோப், கம், என்றாள்.
ஷூ, நியூ, கோ, என்றார்.
பியர் சிக், என்றாள் ஜெபக்கனி,
கண்ணைப் பாரு, மஞ்சள், நோ கோ, நோ கம்,
அட்மிட்.

சாக்பீஸை எடுத்து
பியர் இஸ் என்று எழுதினேன்.
அதற்கு மேல் படம் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
பலகையை அழிக்காமல் போனோம்.

ஆவணியில் ஒரு நாள்
ராத்திரி இரண்டரைக்கு வாட்ஸ்அப்பில் குரல்.
பின்னால் காற்றா ஜெனரேட்டரா தெரியவில்லை.
"டீச்சர். நோ ஸ்னோ. வெரி ஹாட்.
பியர் இஸ் ஹியர்."

மறுநாள் வகுப்பில் போட்டேன்.
பாதியை மின்விசிறி தின்றது.
பாத்து இன்னொரு தடவை போடச் சொன்னாள்.
கேட்டு முடித்து,
பையை எடுத்துக்கொண்டே தமிழில் சொன்னாள்:
"அங்க கயிறு வெல கூடயாம்.
இங்கேருந்தே வாங்கிட்டுப் போயிருக்கலாம் மனுசன்."